மொட்டை மாடியில் சோலார்: கையெழுத்துக்கு முன் ஒரு கணக்கு



சில மாதங்களாக நமது மஹல்லாவில் சோலார் பேச்சு அதிகமாகியிருக்கிறது. ஜும்ஆ முடிந்து வெளியே வந்தால் கையில் ஒரு நோட்டீஸைத் திணிக்கிறார்கள். வீடு வீடாகவும் ஆட்கள் வருகிறார்கள். அதைப் பார்த்துவிட்டு டிரஸ்ட் அலுவலகத்துக்கு வந்து விசாரிப்பவர்கள் பெரும்பாலும் மூன்று கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். கரண்ட் பில்லே வராதாமே, உண்மையா? கரண்ட் போனாலும் வீட்டில் லைட் எரியுமாமே? பணத்தை அரசாங்கமே தருகிறதாமே?

விற்க வருகிறவர் மூன்றுக்கும் ‘ஆமாம்’ என்று சொல்லி விடுகிறார். முதல் கேள்விக்கு, ‘வீட்டைப் பொறுத்தது’ என்பதுதான் சரியான பதில். இரண்டாவதற்குப் பதில், பெரும்பாலும் ‘இல்லை’. மூன்றாவதற்கு, ‘ஒரு பகுதி மட்டும்’. ஒன்றரை லட்சம், இரண்டு லட்சம் என்பது நம்மில் பலருக்கு ஒரு பிள்ளை வளைகுடாவில் பல மாதம் உழைத்து அனுப்பும் பணம். ஆகவே சோலார் எப்படி வேலை செய்கிறது, யாருக்கு அது லாபம், யாருக்கு இப்போது தேவையில்லை என்பதை இம்மாதப் பாடமாக எடுத்துக் கொள்கிறோம். சோலார் வேண்டாம் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அதை நோட்டீஸைப் பார்த்து முடிவு செய்யக்கூடாது, நம் வீட்டு ஈ.பி. அட்டையைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும்.

வெயில் எப்படிக் கரண்ட் ஆகிறது?

மாடியில் வைக்கும் நீலக் கறுப்புத் தகட்டுக்குள் இருப்பது சிலிக்கான். சாதாரண மணலிலிருந்து பிரித்தெடுத்துச் சுத்தப்படுத்தும் பொருள். அதை மெல்லிய வில்லைகளாக அறுத்து, ஒரு பக்கத்தில் பாஸ்பரஸையும் மறுபக்கத்தில் போரானையும் மிகச் சிறிய அளவில் கலக்கிறார்கள். இந்த இரண்டு பக்கமும் சேரும் இடம் ஒருவழிக் கதவு மாதிரி. வெளிச்சம் விழுந்ததும் உள்ளே இருக்கும் எலெக்ட்ரான்கள் கிளம்புகின்றன. அந்தக் கதவு அவற்றை ஒரே திசையில் போகவிடுகிறது. ஒரே திசையில் ஓடும் அந்த ஓட்டம்தான் மின்சாரம். உள்ளே சுழலும் பாகம் எதுவும் கிடையாது. சத்தம் இல்லை, எரிபொருளும் வேண்டாம்.

வெளிச்சம் பட்டால் மின்சாரம் பிறக்கும் என்பதை 1839-லேயே பெக்கெரல் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி கண்டார். உருப்படியாக வேலை செய்யும் சிலிக்கான் வில்லை 1954-ல்தான் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் உருவானது. அப்போது அதன் மேல் விழுந்த வெளிச்சத்தில் நூற்றுக்கு 6 பங்குதான் மின்சாரமாயிற்று. இன்று கடையில் கிடைக்கும் நல்ல பேனல்களில் அது 20 பங்குக்கு மேல்.

ஒரு வில்லை கொடுப்பது அரை வோல்ட்டுக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். அதனால் பல வில்லைகளை வரிசையாகக் கோத்து ஒரு பேனல் செய்கிறார்கள். இப்போது அதிகம் விற்பது 540 வாட் அளவிலான பேனல். ஏழரை அடி நீளம், மூன்றே முக்கால் அடி அகலம், எடை 28 கிலோ போல இருக்கும். இரண்டு பேனல் சேர்ந்தால் ஏறக்குறைய ஒரு கிலோவாட். ஒரு கிலோவாட்டுக்கு நிழல் விழாத இடம் 100 சதுர அடி வேண்டும். நம் தமிழ்நாட்டு வெயிலில் ஒரு கிலோவாட், வருடச் சராசரியாக நாளொன்றுக்கு 4 யூனிட் தரும். இரண்டு மாதத்துக்கு 240 யூனிட். இந்த 240 என்ற எண்ணை மனதில் வைத்துக் கொள்ளுங்கள். பின்னால் கணக்குக்கு வேண்டும்.

நம்மில் பலர் பேனலுக்குச் சூடுதான் வேண்டும் என்று நினைக்கிறோம். அதற்கு வேண்டியது வெளிச்சம் மட்டுமே. சூடு அதற்கு ஆகாது. 25 டிகிரிக்கு மேல் பேனலின் சூடு ஏற ஏற, டிகிரிக்கு நூற்றில் 0.3 முதல் 0.4 பங்கு வரை உற்பத்தி குறைந்துகொண்டே போகும். மே மாதத்து நண்பகலில் கண்ணாடி 60 டிகிரிக்கு மேல் கொதிக்கும்போது, பத்தில் ஒரு பங்குக்கும் அதிகமாகக் குறையும். தகட்டைத் தரையோடு ஒட்டிப் போடாமல் அடியில் காற்று ஓடும்படி உயர்த்தி வைப்பது இதனால்தான்.

நிழல் அதைவிட மோசம். பேனல்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்திருப்பதால், ஒன்றின் மேல் தண்ணீர் டேங்கின் நிழல் விழுந்தால் அது மற்றவற்றின் ஓட்டத்தையும் இழுத்துப் பிடிக்கும். பக்கத்து வீட்டுத் தென்னை, கேபிள் கம்பம், நாளை எதிர்வீட்டார் எழுப்பப் போகும் இரண்டாவது மாடி எல்லாவற்றையும் பாருங்கள். காலை 9 மணி, நண்பகல், மாலை 3 மணி ஆகிய மூன்று நேரமும் மாடிக்கு ஏறி நிழல் எங்கே விழுகிறது என்று பார்த்து வைத்துக் கொள்ள வேண்டும். இதற்கு எந்த நிபுணரும் தேவையில்லை. டிசம்பரில் சூரியன் தெற்கே சாய்ந்து போவதால் நிழல் நீளும் என்பதையும் கவனத்தில் கொள்ளுங்கள். பேனல் தெற்கு பார்த்து இருக்க வேண்டும். சாய்வு நம் மாநிலத்துக்கு 8 முதல் 13 டிகிரி போதும்.

கரண்ட் போனால் சோலாரும் நின்றுவிடும்

பேனலிலிருந்து வருவது பேட்டரியில் வருவது போன்ற ஒருதிசை மின்சாரம். வீட்டு ஃபேனும் மிக்ஸியும் ஓடுவது 230 வோல்ட் மாறுதிசை மின்சாரத்தில். ஒன்றை மற்றொன்றாக மாற்றும் பெட்டிதான் சோலார் இன்வெர்ட்டர். கரண்ட் போகும்போது பேட்டரியிலிருந்து லைட் எரிய வைக்கும் நம் வீட்டு இன்வெர்ட்டர் வேறு, இது வேறு. பெயர் ஒன்றாக இருப்பதால் வரும் குழப்பம் கொஞ்சமல்ல.

பகலில் பேனல் தரும் கரண்ட்டை முதலில் வீடு எடுத்துக் கொள்ளும். மிச்சம் மீட்டர் வழியாக ஈ.பி. லைனுக்குப் போகும். இரவில் வழக்கம்போல் ஈ.பி.யிலிருந்து வரும். இதற்காகப் பழைய மீட்டரைக் கழற்றிவிட்டு, போவதையும் வருவதையும் தனித்தனியாக எண்ணும் நெட் மீட்டரை மின்வாரியம் பொருத்துகிறது. இரண்டு மாதக் கணக்கு எடுக்கும்போது, வந்த யூனிட்டிலிருந்து போன யூனிட்டைக் கழித்து மீதிக்கு மட்டும் பில் போடுவார்கள். போனது அதிகமாக இருந்தால் அது அடுத்த கணக்குக்கு வரவாகும். மளிகைக் கடையில் பற்று வரவு எழுதுவது மாதிரிதான். ரமலானில் சஹர் நேரத்தில் ஏ.சி. ஓடுவதைப் பகலில் நோன்போடு வீடே தூங்கும்போது மாடி உற்பத்தி செய்து அனுப்பியது ஈடு செய்துவிடும்.

மின்வெட்டு நேரத்தில் என்ன ஆகும் என்பதில்தான் பலர் ஏமாந்திருக்கிறார்கள். ஈ.பி. கரண்ட் நின்றதும், வெளியே நல்ல வெயில் அடித்தாலும், ஓரிரு நொடிகளில் சோலார் இன்வெர்ட்டரும் தானாக நின்றுவிடும். இது பழுதல்ல, அப்படித்தான் செய்யப்பட்டிருக்கிறது. தெருவில் லைனை நிறுத்திவிட்டு ஒரு லைன்மேன் கம்பத்தில் ஏறியிருப்பார். அந்த நேரம் நம் மாடியிலிருந்து லைனுக்குக் கரண்ட் பாய்ந்தால் அவர் உயிர் போய்விடும். அதனால் உலகம் முழுக்க இந்த ஏற்பாடு கட்டாயம்.

மின்வெட்டிலும் வேண்டும் என்றால் பேட்டரியும் ஹைபிரிட் இன்வெர்ட்டரும் சேர்த்து வாங்க வேண்டும். விலை நன்றாக ஏறும், பேட்டரிக்கென்று தனி மானியமும் கிடையாது. சில வருடத்துக்கு ஒருமுறை பேட்டரியை மாற்ற வேண்டும். கரண்ட் அதிகம் போகாத ஊரில் இந்தச் செலவு எதற்கு என்பது நமது அபிப்பிராயம். இப்போது வீட்டில் இருக்கும் சாதாரண இன்வெர்ட்டரே லைட், ஃபேனுக்குப் போதும். நோயாளிக்கு ஆக்சிஜன் மெஷின் ஓடும் வீடு என்றால் விஷயம் வேறு.

இப்போது பில்லை எடுங்கள்

இனி நாம் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயத்துக்கு வருவோம். கடைசி ஆறு பில்களில் யூனிட் எவ்வளவு என்று பாருங்கள். ரூபாயைப் பார்க்க வேண்டாம், யூனிட்டைப் பாருங்கள். ஆறு பில் என்றால் ஒரு வருடம். கோடையும் மழையும் இரண்டும் அதில் வந்துவிடும்.

தமிழ்நாட்டில் வீட்டு மின்சாரத்துக்கு விலை எல்லா யூனிட்டுக்கும் ஒன்றல்ல என்பது தெரிந்ததே. 2024 ஜூலையில் வந்த விகிதப்படி இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். மொத்தம் 500-க்குள் இருந்தால் 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு ரூ.2.35. அடுத்து 400 வரை ரூ.4.70. அதற்கு மேல் 500 வரை ரூ.6.30. ஆனால் 500-ஐத் தாண்டிவிட்டால் அந்த ரூ.2.35 சலுகை போய்விடும். 101-லிருந்தே ரூ.4.70 ஆகிவிடும். 501 முதல் 600 வரை ரூ.8.40, 601 முதல் 800 வரை ரூ.9.45. அதற்கு மேல் இன்னும் ஏறும். 500 யூனிட் ஓடிய வீட்டுக்கு ரூ.1,805 வரும், 510 யூனிட் ஓடினால் ரூ.2,124. பத்தே யூனிட்டுக்கு முந்நூற்றுச் சொச்சம் ரூபாய்!

ஒரு வீட்டில் ஒரு ஏ.சி., ஃபிரிட்ஜ், மோட்டார் எல்லாம் ஓடி இரண்டு மாதத்துக்கு 700 யூனிட் வருகிறது என்று வைத்துக் கொள்வோம். பில் ரூ.3,825. அவர்கள் ஒரு கிலோவாட் போட்டால் 240 யூனிட் கழிந்து 460 ஆகும். பில் ரூ.1,553-க்கு இறங்கும். மிச்சம் ரூ.2,272. இரண்டு கிலோவாட் போட்டால் 480 கழிந்து 220 யூனிட். பில் ரூ.329. அதாவது இரண்டாவது கிலோவாட் தனியாக மிச்சப்படுத்துவது ரூ.1,224. மூன்று கிலோவாட் போட்டால் பில் பூஜ்யம். நோட்டீஸில் பெரிய எழுத்தில் போட்டிருப்பது இதுதான். ஆனால் அந்த மூன்றாவது கிலோவாட் மிச்சப்படுத்தியது எவ்வளவு? வெறும் ரூ.329.

காரணம் எளிது. சோலார் முதலில் வெட்டுவது விலை கூடிய மேல்தட்டு யூனிட்டுகளை. போகப் போக விலை குறைந்த யூனிட்டுகளை வெட்டும். கடைசியில், அரசு ஏற்கனவே இலவசமாகத் தரும் நூறு யூனிட்டையும் நாம் பணம் கொடுத்து உற்பத்தி செய்கிறோம். பில் பூஜ்யமாக வேண்டும் என்ற ஆசைக்கு நாம் தரும் விலை அது.

பணத்தோடு சேர்த்துப் பார்ப்போம். இரண்டு கிலோவாட்டுக்கு ரூ.1,30,000, மூன்று கிலோவாட்டுக்கு ரூ.1,85,000 என்று ஒரு கம்பெனி விலை சொல்வதாக வைத்துக் கொள்வோம். இது உதாரணத்துக்குத்தான். மானியம் முறையே 60,000 மற்றும் 78,000 போக, கைக்காசு ரூ.70,000 மற்றும் ரூ.1,07,000. இரண்டு கிலோவாட்டில் வருடம் ரூ.21,000 போல மிச்சமாகிறது. மூன்றரை வருடத்துக்குள் போட்ட பணம் திரும்பிவிடும். மூன்றாவது கிலோவாட்டுக்காகக் கூடுதலாகப் போட்ட ரூ.37,000 திரும்பி வர பத்தொன்பது வருடம் ஆகும்! கூரையில் உற்பத்தியாகும் யூனிட்டுக்கு மின்வாரியம் நெட்வொர்க் கட்டணம் என்று ஒன்று வாங்குகிறது. அதை இதில் சேர்க்கவில்லை. சேர்த்தால் இன்னும் கொஞ்சம் தள்ளிப் போகும். அப்போதைய விகிதத்தைப் பிரிவு அலுவலகத்தில் கேட்டு எழுதிக் கொள்ளுங்கள்.

அடுத்த வருடம் இரண்டாவது ஏ.சி. வரப்போகிறது, மகன் பேட்டரி ஸ்கூட்டர் வாங்கப் போகிறான் என்றால் மூன்று கிலோவாட் சரிதான். இரண்டு மாதத்துக்கு 1,000 யூனிட்டுக்கு மேல் ஓடும் கூட்டுக் குடும்பம் என்றால் யோசிக்கவே வேண்டாம். மானியம் அதிகம் கிடைக்கிறதே என்பதற்காக மட்டும் பெரிதாகப் போடாதீர்கள் என்கிறோம்.

இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் ஓடும் வீடு எப்படி? பில் ரூ.705. ஒரு கிலோவாட் போட்டால் அது முழுவதும் போய்விடும். வருடத்துக்கு ரூ.4,230 மிச்சம். மானியம் போகக் கையிலிருந்து ரூ.45,000 போட்டால் திரும்ப வரப் பத்து வருடத்துக்கு மேல். அதற்குள் இன்வெர்ட்டரை ஒருமுறை மாற்ற வேண்டி வரலாம். அந்த வீட்டுக்காரர் இப்போது செய்ய வேண்டியது, பழைய ஃபேன்களை மாற்றுவது. பழைய ஃபேன் 75 வாட் இழுக்கும், பி.எல்.டி.சி. ஃபேன் 30 வாட் போல இழுக்கும். நாளெல்லாம் நான்கு ஃபேன் ஓடும் வீட்டில் அந்த வித்தியாசம் பில்லில் தெரியும். 200 யூனிட்டுக்குள் இருக்கும் வீட்டுக்குப் பில் ரூ.235-ஐத் தாண்டாது. அவர்கள் நோட்டீஸை மடித்து வைத்துவிடலாம்.

இன்னொன்று. கீழ்த்தளத்துக்கு ஒரு மீட்டர், மாடிக்கு ஒரு மீட்டர் என்று நம் வீடுகளில் இரண்டு இணைப்பு இருப்பது வழக்கம். சோலாரை எந்த மீட்டரில் இணைக்கிறோமோ அந்த பில்தான் குறையும். மற்றது அப்படியே வரும். யூனிட் அதிகம் ஓடும் மீட்டரைத் தேர்ந்தெடுங்கள். ஏற்கனவே இரண்டு மீட்டரிலும் தலா 250 யூனிட்தான் ஓடுகிறது என்றால், முன்னால் சொன்ன 300 யூனிட் வீட்டின் நிலைமைதான் உங்களுக்கும். பள்ளிவாசலுக்கும் மதரஸாவுக்கும் கட்டண விகிதம் வேறு, இந்தக் கணக்கு அங்கே செல்லாது.

‘முஃப்த்’ எது?

2024 பிப்ரவரியில் மத்திய அரசு தொடங்கிய திட்டத்தின் பெயர் ‘பி.எம். சூர்ய கர்: முஃப்த் பிஜ்லி யோஜனா’. உருது தெரிந்தவர்களுக்கு முஃப்த் என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. அந்த ஒரு வார்த்தையை வைத்தே பலர் பேனலும் இலவசம் என்று எடுத்துக் கொண்டார்கள். அப்படியல்ல. பேனல் நம் பணம், மானியம் ஒரு பகுதி. ஒரு கிலோவாட்டுக்கு ரூ.30,000, இரண்டுக்கு ரூ.60,000, மூன்றுக்கும் அதற்கு மேல் எத்தனை போட்டாலும் ரூ.78,000. அடுக்குமாடிக் குடியிருப்பின் பொது உபயோகத்துக்குக் கிலோவாட்டுக்கு ரூ.18,000 என்று தனி ஏற்பாடு இருக்கிறது.

மானியம் முன்கூட்டி வராது. திட்டத்தின் அரசு இணையதளத்தில் மின் இணைப்பு எண்ணைக் கொடுத்துப் பதிவு செய்து, அங்கே பதிவு பெற்ற கம்பெனிகளில் ஒன்றை நாமே தேர்ந்தெடுத்து, வேலை முடிந்து, நெட் மீட்டர் பொருத்தி, மின்வாரியம் பார்த்து ஒப்புக் கொண்ட பிறகுதான் நம் வங்கிக் கணக்குக்கு வரும். அதனால் முழுப் பணத்தையும் முதலில் நாம்தான் புரட்ட வேண்டும். பதிவுக் கட்டணம், கோட்டா கட்டணம் என்று யாராவது ஜி-பேயில் கேட்டால் கொடுக்காதீர்கள். ஓ.டி.பி.யையும் சொல்லாதீர்கள். மானியத்துக்கு இந்தியாவில் செய்த வில்லையும் பேனலும்தான் செல்லும். இறக்குமதிப் பேனல் மலிவாக இருக்கும், மானியம் கிடைக்காது. டி.சி.ஆர். பேனலா என்று கேட்டு பில்லில் எழுதி வாங்க வேண்டும்.

இந்தத் திட்டத்தின் கீழ் வங்கிகள் அடமானம் இல்லாமல் கடன் தருகின்றன. வட்டி குறைவு என்று விளம்பரம் செய்கிறார்கள். குறைவானாலும் வட்டி வட்டிதான். கரண்ட் பில்லைக் குறைப்பதற்காக அந்த வாசலில் போய் நிற்க வேண்டிய நிர்ப்பந்தம் எதுவும் இல்லை. உடனே முடியாதவர்கள் ஒரு வருடம் சேர்த்துவிட்டுப் போடலாம், அல்லது குடும்பத்துக்குள் அழகிய கடனாகப் பெற்று மிச்சமாகும் பில் தொகையை மாதாமாதம் திருப்பித் தரலாம். வட்டியில்லாமல் மூன்று நான்கு தவணையில் வாங்கிக் கொள்ளும் கம்பெனிகளும் உண்டு. ரொக்க விலையும் தவணை விலையும் என்ன என்று இரண்டையும் முதலிலேயே கேட்டு, ஒரே விலையில் பேசி முடியுங்கள். நமது டிரஸ்டின் வட்டியில்லாக் கடன் மருத்துவத்துக்கும் படிப்புக்கும் ஒதுக்கப்பட்டது. சோலாருக்குக் கேட்டு யாரும் மனு தர வேண்டாம்.

மாடி யாருடையது?

விண்ணப்பிக்கப் போகும்போதுதான் பல வீடுகளில் ஒரு விஷயம் வெளியே வருகிறது. வாப்பா மவுத்தாகி பத்து வருடம் ஆகியும் மின் இணைப்பு இன்னும் அவர் பெயரிலேயே இருக்கும். இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் விண்ணப்பிக்க முடியும். மானியமும் அவர் கணக்குக்குத்தான். ஆகவே முதலில் பெயர் மாற்றம். அதற்கு வாரிசுச் சான்றிதழ் வேண்டும், மற்ற வாரிசுகளின் சம்மதமும் வேண்டும். அந்தச் சம்மதம் கேட்கும்போதுதான் பாகம் பிரிக்காத விஷயம் பேச்சுக்கு வரும்.

பேனல் 25 வருடம் இருக்கும் பொருள். பாகம் பிரிக்காத வீட்டின் மாடியில் அண்ணன் தன் பணத்தில் பேனல் போடுகிறார். எட்டு வருடம் கழித்துத் தங்கை தன் பங்கைக் கேட்கிறார், அல்லது தம்பி மேலே ஒரு தளம் கட்ட வேண்டும் என்கிறார். அப்போது பேனல் வீட்டோடு சேர்ந்ததா, அண்ணனின் சொந்தப் பொருளா? கழற்றி வைக்கும் செலவு யாருடையது? இவ்வளவு நாள் மாடியை அனுபவித்ததற்கு மற்றவர்களுக்கு என்ன? டிரஸ்டுக்கு வரும் குடும்பப் பஞ்சாயத்துகளில் பாதி, மோட்டார் யாருடையது, மாடிப்படி யாருடையது என்பது போன்ற சிறு விஷயத்தில் தொடங்கியவைதான்.

வழி கடினமல்ல. முதல் வழி, பாகத்தை முறைப்படி பிரித்துவிட்டுப் போடுவது. வாரிசு உரிமையைத் தள்ளிப் போடுவதற்கு சோலார் ஒரு காரணமாகிவிடக் கூடாது. பெண் பிள்ளைகளின் பங்கு விஷயத்தில் இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறோம். இரண்டாவது வழி, எல்லா வாரிசுகளும் உட்கார்ந்து ஒரு தாளில் எழுதிக் கொள்வது. பேனலுக்குப் பணம் போட்டவர் யார், மானியம் யாருக்கு, பில் மிச்சம் யாருக்கு, மேலே கட்டடம் எழும்பினால் கழற்றும் செலவு யாருக்கு என்ற நான்கு விஷயமும் அதில் இருக்க வேண்டும். இரண்டு சாட்சியோடு கையெழுத்து. கடனை எழுதி வைக்கச் சொன்ன மார்க்கத்தில் இருக்கும் நமக்கு இது புதிதல்ல.

வேலை நடக்கும்போது

கடற்கரை ஊர்களில் உப்புக் காற்று இரும்பை இரண்டு வருடத்தில் தின்றுவிடும். பேனல் உட்காரும் சட்டம், உருக்கிய துத்தநாகத்தில் முக்கி எடுத்த ஜி.ஐ. ஆக இருக்க வேண்டும். மேலே பெயின்ட் அடித்த இரும்பு கூடாது. நட்டு போல்ட் எவர்சில்வர். தளத்தில் துளை போட்டால் மழைக்கு ஒழுகும். ஆகவே கான்கிரீட் கட்டைகள் மேல் சட்டத்தை நிறுத்தச் சொல்லுங்கள், ஆனால் கட்டையின் எடை போதுமான அளவு இருக்க வேண்டும். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது நாகப்பட்டினம் கடற்கரையில் வீட்டுக் கூரைகள் என்ன ஆயின என்பது நமக்கு மறக்காது. பேனலும் ஒரு பாய்மரம் போலத்தான். காற்று அடியில் புகுந்தால் தூக்கும். துணி காயப் போடவும் வடகம் பிழியவும் மாடி வேண்டும் என்றால் ஆள் நடக்கும் உயரத்துக்குச் சட்டத்தை எழுப்பலாம். பெண்கள்தான் மாடியை அதிகம் உபயோகிக்கிறார்கள், அவர்களைக் கேட்காமல் இடம் முடிவு செய்யாதீர்கள். செலவு கூடும், காற்றுப் பிடிப்பும் கூடும்.

பேனலுக்கும் இன்வெர்ட்டருக்கும் இடி தாங்கிக்கும் எர்த் தனித்தனியாகப் போட வேண்டும். செலவைக் குறைக்க இதில்தான் கை வைப்பார்கள். ஆறு பேனலை வரிசையாகக் கோத்தால் அந்த வயரில் 300 வோல்ட் வரை இருக்கும். கீழே சுவிட்சை அணைத்தாலும் வெயில் இருக்கும் வரை மாடி வயரில் அது இருந்துகொண்டே இருக்கும். பிள்ளைகள் பட்டம் விட மாடிக்குப் போகிறார்கள், சொல்லி வைக்க வேண்டும்.

பணத்தை மூன்றாகப் பிரித்துக் கொடுங்கள். ஒப்பந்தத்தின் போது கொஞ்சம், பொருள் மாடிக்கு வந்து பேனல்களின் சீரியல் நம்பரைக் குறித்துக் கொண்ட பிறகு கொஞ்சம், கடைசித் தவணை நெட் மீட்டர் பொருத்தி ஓடிய பிறகு. நம் ஊரில் ஒரு வீட்டில் முழுப் பணமும் முன்கூட்டியே வாங்கிக் கொண்ட ஆள், பேனலை வைத்துவிட்டு மீட்டர் வேலைக்கு வரவே இல்லை. நான்கு மாதம் மாடியில் அலங்காரமாகத்தான் இருந்தது. பேனலுக்கு 25 வருடம், இன்வெர்ட்டருக்கு எத்தனை வருடம், ஐந்து வருடப் பராமரிப்பில் என்னென்ன அடங்கும் என்பதெல்லாம் கம்பெனி தாளில் எழுத்தில் இருக்க வேண்டும்.

ஓட ஆரம்பித்த பிறகு செய்ய வேண்டியது தூசி துடைப்பது மட்டும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, சூரியன் ஏறுவதற்கு முன், நல்ல தண்ணீரில் மெல்லிய துணியால். உப்புத் தண்ணீர் போர்வெல் என்றால் காய்ந்ததும் வெள்ளைப் படலம் கட்டும், அதை உபயோகிக்க வேண்டாம். கொதிக்கும் கண்ணாடியில் நண்பகலில் தண்ணீர் ஊற்றினால் விரிசல் விடலாம். ஐப்பசி, கார்த்திகை மழை மாதங்களில் உற்பத்தி குறையும். அதைப் பார்த்துக் கம்பெனிக்கு ஃபோன் செய்ய வேண்டாம். சித்திரையில் சேர்ந்த வரவு அதற்குக் கை கொடுக்கும்.

கணக்குப் பார்க்க உதவி வேண்டுவோர் கடைசி ஆறு பில், இணைப்பு யார் பெயரில் இருக்கிறது என்ற விவரம், கம்பெனி கொடுத்த விலைத்தாள் ஆகிய மூன்றையும் எடுத்துக் கொண்டு, அசர் தொழுகைக்குப் பிறகு டிரஸ்ட் அலுவலகத்துக்கு வரலாம். இன்ஷா அல்லாஹ், உட்கார்ந்து பார்த்துச் சொல்கிறோம். முன்பணம் கொடுத்துவிட்டு வராமல், கொடுப்பதற்கு முன் வாருங்கள்.